தங்கைக்குப் பதிலாக நான் நின்ற இடம்

என் தங்கையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாவிக்கரைப் பாதையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால், மிச்சம் எழுத ஒன்றும் இருக்காது.

எங்கள் வளவு மட்டக்களப்பு நகரத்துக்குச் சற்று வெளியே, வீதிக்கும் வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குத்தான். ஆண்கள் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் என்பதால் வீதிப் பக்கமும் அம்மா இருந்த கல்வீடும் எனக்கு வந்தன. வாவிப் பக்கம் தங்கைக்கு. அங்கே அவளுக்கு ஒரு சின்ன வீட்டைக் கட்டிக் கொடுத்து, வீதிக்கு வந்துபோக என் வேலியோரமாக ஓர் ஒழுங்கையும் விட்டார்கள்.

பஸ், தபால்காரர், மீன் வண்டி, தேர்தல் ஊர்வலம் எல்லாம் முதலில் என் வாசலுக்குத்தான் வரும். தங்கைக்குச் சேறும் கண்டல் பற்றையும் நுளம்புக்கடியும். அவள் வீட்டுக்குக் கல்யாணக் கார்டு கொண்டு வருகிறவர்கள்கூட என்னிடம் வழி கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். யார், எங்கிருந்து, என்ன விசயம் என்று முழுவதும் விசாரித்துவிட்டுத்தான் கையைக் காட்டுவேன். இருபது வருசத்துக்கு மேல் இந்த ஏற்பாடு எனக்கு நல்ல திருப்தியாக இருந்தது.

ஒரே ஒரு குறை. என் கிணற்றுத் தண்ணீர் காவி. வெள்ளைத் துணியைத் தோய்த்தால் மஞ்சளாக வெளியே வரும். அவளுடைய கிணறு வாவிக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் தண்ணீர் இளநீர் மாதிரி. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் தேத்தண்ணிக்கு அவள் கிணற்றிலிருந்து தினமும் ஒரு வாளி கொண்டுவருவேன். வாளியோடு ஒழுங்கையில் இறங்கும்போதெல்லாம், இதையும் அவளுக்கே கொடுத்தாயே அம்மா என்று மனம் ஒருமுறை முணுமுணுக்கும்.

மற்றக் குறையைச் சொல்லாமல் விடப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு இரண்டும் ஆண். மூத்தவன் கரடியனாற்றில் பெண் வீட்டில் இருக்கிறான். அறுவடை முடிந்தால் ஒரு மூட்டை அரிசியோடு வருவான், வெயில் தாழும் முன்பே போய்விடுவான். இளையவன் கட்டாரில். அவனும் திரும்பி வந்தால் எங்கேயோ ஒரு வீட்டுக்குப் போகப் போகிறவன்தான். என் கணவர் தவறிச் சில வருசமாகிறது. தங்கைக்கோ ஒரு மகள். எங்கள் ஊரில் மகள் இருந்தால்தான் வளவில் அடுப்பு தொடர்ந்து எரியும். அந்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்திருக்க நான் பட்ட பாடு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் உள்ளூராட்சி அலுவலகத்தில் படம் கீறுகிறவள். வீதி, வடிகால், சந்தைக் கட்டடம், எதுவானாலும் பொறியியலாளர் சொல்வார், நான் கீறுவேன். வாவிக்கரையால் நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஒரு பொதுப் பாதை போடுவதென்று முடிவாகி, அந்த வேலை என் மேசைக்கு வந்தது. முதலில் எனக்குச் சந்தோசம்தான். பாலத்தடியில் தொடங்கிக் கரையோரமாகப் பென்சிலை இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வளவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பாதை என் வாசலுக்கு வரவில்லை. தங்கையின் பின்வளவால் போனது.

மரநிழல், கல்லிருக்கை, சூரிய விளக்கு எல்லாம் அந்தக் கோட்டில் வரும். பின்னேரத்தில் ஊரே அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கும். எனக்கு லொறிப் புகையும் ஓட்டோச் சத்தமும்தான் மிச்சம். ஒரே கோட்டில் அவள் முன்வீட்டுக்காரியாகவும் நான் பின்வீட்டுக்காரியாகவும் ஆகப்போகிறோம். அந்தக் கோட்டை நானே கீறவேண்டும் என்று வந்ததுதான் பெரிய கொடுமை.

அன்று பின்னேரம் விசயத்தைச் சொன்னபோது தங்கை சேற்றுக் கையோடு வெண்டிப் பாத்தியில் நின்றாள். "மெய்யாத்தான் சொல்றியா? நுளம்புக்குக் காவல் இருந்த எனக்கு ரோட்டுப் போடுறாங்களாமா?" என்று சிரித்தாள். திரும்பவும் பாத்திக்குள் குனிந்துவிட்டாள். ஒரு பெருமையாவது அடித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு சாட்டு கிடைத்திருக்கும்.

பொதுக் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. பொறியியலாளர் வெளி மாவட்டத்துப் பிள்ளை, இளம் வயது, எல்லாரையும் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்கிற கொள்கை உள்ளவர். கேட்டால் எங்கள் ஊர் விடுமா? ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், நடக்கிறவர்களுக்குப் பின்னால் வரும் சைக்கிள்காரர் மணி அடித்தாகவேண்டும் என்று சட்டம் கேட்டார். வலை காயப்போட இடம் எங்கே என்று மீனவர்கள் எழும்பினார்கள். பாதையின் நடுவே வெள்ளைக் கோடு போட்டு ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் சைக்கிள் என்று பொறியியலாளர் விளக்கினார். "கோடு போட்டா நமக்கு விளங்கும். மாட்டுக்கு ஆர் விளக்குறது?" என்று ஒருவர் கேட்க மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த தங்கையிடம் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, "இனி உங்கட வளவுதான் முன்வளவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை என்றால் பொய்.

கடைசியில் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. எங்கள் வாவி ஒரு நிலையில் நிற்காது. கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரி மழையில் ஆற்றுத் தண்ணீரெல்லாம் வந்து நிரம்பி, கரையேறி வளவுகளுக்குள் வரும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் இறங்கும். கோடையில் அளந்துவிட்டுப் பாதை போட்டால் மாரியில் அதில் தோணிதான் ஓடும். அதனால் பொறியியலாளர் ஒரு யோசனை சொன்னார். குறித்த ஒரு காலை வேளையில், கரையோர வீடு ஒவ்வொன்றிலும் ஒருவர், மோசமான மாரியில் தண்ணீர் எதுவரை வந்ததோ அந்த இடத்தில் போய் நிற்கவேண்டும். நின்ற இடத்தில் கட்டை அடிப்போம். கட்டைகளைச் சேர்த்து வரைபடத்தில் நீலக் கோடு போடுவோம். பாதை அந்தக் கோட்டுக்கு மேலேதான் வரும்.

அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கரை நெடுக மனிதர்கள், ஆளுக்கொரு இடத்தில், கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிற பக்தியோடு நின்றார்கள். ஆனால் பாதையைத் தன் வீட்டோடு கேட்டவர் தண்ணீருக்குக் கிட்ட நின்றார். பாதை வேண்டாம் என்றவர் தன் குசினி வாசலில் நின்றார். நடைப்பயிற்சிப் பித்துப் பிடித்த அதிபர், காற்சட்டையை மடித்துவிட்டு அலை காலை நனைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "இதுக்கு மேல ஒரு நாளும் வந்ததில்ல" என்று சத்தியம் செய்தார். பக்கத்து வளவுக்காரி கையை நீட்டி, "சேர், உங்கட சோபா மிதந்தத நான் கண்டனே" என்றாள். பொறியியலாளருக்குத் தலை சுற்றியது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரரையும் விசாரித்து, அதிபரைக் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்து நிறுத்தினோம். இப்படி ஒவ்வொருவரின் ஆசையையும் அயலவரின் வாய் திருத்தியது.

எங்கள் வளவில் திருத்த ஆள் இல்லை. கரையில் இரண்டு பக்கமும் ஆளில்லாத வெறும் வளவு, வீதிப் பக்கம் நான்தான் அயல். மகளின் கல்யாணம் சரிவந்துகொண்டிருந்ததால் தங்கையும் புருசனும் மகளும் அன்று வெள்ளனவே காத்தான்குடிக்குப் புடவை எடுக்கப் போய்விட்டார்கள். போகும்போது என் வாசலில் நின்று, "அக்கா, எனக்குப் பதிலா நீயே நிண்டுவிடு. உனக்குத் தெரியாத தண்ணியா?" என்றாள்.

எனக்குத் தெரியும். பெரிய வெள்ளத்தில் தண்ணீர் கரையோரக் கடைசித் தென்னையின் அடிவரை வந்தது. அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை. அந்தத் தென்னையடியில் நின்றிருந்தால் பாதை அவள் பின்வளவால் போகும். நான் தென்னையடியை நோக்கித்தான் நடக்கத் தொடங்கினேன், இது சத்தியம். ஒழுங்கையின் நடுவில் "இனி உங்கட வளவுதான் முன்வளவு" என்கிற பேச்சு காதில் விழுந்தது. யாரும் சொல்லவில்லை, எனக்குள்ளேதான். கால் மறுபக்கம் கிறுகியது. நேரே போய்த் தங்கையின் கிணற்றடியில் நின்றேன்.

"இவ்வளவு தூரமா அக்கா?" என்று பொறியியலாளர் கேட்டார்.

"நான் பிறந்த வளவு தம்பி," என்றேன்.

என் காலடியில் கட்டையை அடித்தார்கள். அவ்வளவு தண்ணீர் வந்த வளவால் பாதை போட முடியாதல்லவா? எங்கள் வளவோடு பாதை கரையை விட்டு ஒழுங்கையால் மேலேறி, என் வாசலைத் தொட்டு, நாலு வீடு தாண்டி மறுபடி கரைக்கு இறங்கும் என்று வரைபடம் மாறியது. ஒழுங்கை ஒடுக்கம் என்று பிரச்சினை வந்தபோது, என் வேலியை உள்ளே எடுத்து இடம் தருகிறேன் என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். கை தட்டினார்கள். தங்கைதான் முதலில் தட்டினாள்.

நான் சும்மா இருக்கவில்லை. வாசல் கேற்றுக்குப் பச்சை நிறம் அடித்தேன். விறாந்தையில் கிடந்த கதிரையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். கிணற்றடிக் கட்டை தங்கையின் முற்றத்தில் அப்படியே நின்றது. அதில் அவள் தன் ஆட்டைக் கட்டியிருந்தாள். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆடு என்னைப் பார்த்து அசை போடும். இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்திலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது.

பிறகு ஒரு நாள், நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தங்கை ஒரு கடிதத்தோடு வந்தாள். மகளுக்கு வீடு கட்டக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. கட்ட நினைத்த இடம் கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில். நீலக் கோட்டுக்குக் கீழே வீடு கட்ட அனுமதி இல்லை.

அந்த விதி எனக்குத் தெரியாதா? என் மேசையில்தான் எத்தனையோ விண்ணப்பங்கள் அப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. கிணற்றடியில் நின்ற அன்று அது நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் பாதிப் பொய். எங்கே கட்டப்போகிறாய் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

"மாப்பிள்ள வீட்டாக்கள் வீட்டத்தான் கேக்கிறாங்க அக்கா," என்றாள். "வீடு இல்லாம எப்பிடிக் கல்யாண எழுத்து வைக்கிறது? மாரி வாறதுக்குள்ள அத்திவாரமாவது போடணும். நீ கந்தோரில ஒருக்கா பாத்துச் சொல்லு." அவள் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, வாசல் கதிரையைப் பார்த்து, "நல்ல காத்து வருது இதில," என்று சொல்லிக்கொண்டு போனாள். பச்சைக் கேற்றை அவள் மெதுவாகச் சாத்தினாள்.

அவள் போன பிறகு அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். முன்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், சரி. அதைக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு ஆர் இருக்கிறார்கள்? இந்த வளவில் என்றைக்காவது ஒரு பிள்ளைச் சத்தம் கேட்குமென்றால் அது அவளுடைய மகளின் பிள்ளையாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை பிறக்கவேண்டிய வீட்டைத்தான் நான் தண்ணீருக்குள் தள்ளி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் பொறியியலாளரின் மேசைக்கு முன் போய் நின்றேன். "தம்பி, தங்கச்சிக்குப் பதிலா நான் நிண்ட இடம் பிழை. தண்ணி தென்னையடியோட நிண்டது," என்றேன்.

"ஞாபகப் பிழையா அக்கா?"

"இல்ல. பொறாமை."

அவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பேனையை மூடித் திறந்தார். அப்பா, அம்மா வயதில் உள்ளவர்கள் இப்படிப் பேசுவதை அவர் எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டார். "அறிக்கையில ஞாபகப் பிழை எண்டு போடுறன்," என்றார். நல்ல பிள்ளை. அவருடைய தாயாரின் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

அந்தக் கிழமையே வந்து திரும்ப அளந்தார்கள். இந்த முறை தங்கையே போய் நின்றாள். யோசிக்கக்கூட இல்லை, நேரே தென்னையடிக்குப் போய் முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டாள். கட்டையைப் பிடுங்கி அங்கே அடித்தார்கள். ஆடு அவிழ்ந்து வெண்டிப் பாத்திக்குள் ஓடியது. நீலக் கோடு கீழே இறங்கியது. பாதை மறுபடி அவள் பின்வளவுக்குப் போனது. நான் கீறிய கோட்டை நானே அழித்து, நானே திரும்பக் கீறினேன்.

எல்லாரும் போன பிறகு வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் போனேன். தங்கை ஆட்டை ஒரு வழியாகப் பிடித்து, கிணற்றுத் தூணில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நான் வேணுமெண்டுதான் இதில நிண்டன்," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

அவள் என் வாளியை வாங்கிக் கிணற்றில் இறக்கினாள். "வாவித் தண்ணி இதுவரைக்கும் வந்திருந்தா இந்தக் கிணறு உப்பாகியிருக்கும். இத்தின வருசமா நீயும்தானே இதில குடிக்கிறாய். காத்தான்குடியால வந்து கட்டையக் கண்ட உடனே விளங்கிச்சு."

"பிறகு ஏன் நீ வாய் திறக்கல்ல?"

"என்னத்துக்கு? மூத்தவன் போயிட்டான். சின்னவனும் போயிடுவான். வாசலால நாலு சனம் போய் வந்தா உனக்குப் பொழுது போகும் எண்டு நினைச்சன். மகள்ட வீட்டுக்கு அது இடைஞ்சலா வருமெண்டு எனக்குத் தெரியாது." தண்ணீரை இழுத்து, சிந்தாமல் என் வாளியை நிரப்பினாள். "பாதை வேணுமெண்டு நீ ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, வீட்ட வேற பக்கமாக் கீறச் சொல்லிப்போட்டு, நானே வந்து இந்தக் கிணத்தடியில நிண்டிருப்பன் அக்கா."

வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் திரும்பினேன். அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக, எப்போதும் வருகிற அந்த எரிச்சல்தான் வந்தது. வளவைப் பங்கு பிரித்தபோது அம்மா முன்பக்கத்தை எனக்குத் தந்தாள். இந்தப் பெரிய மனசை அப்படியே அவளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.